டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கடலோரமாகச் செல்லும் சாலையில் மரக்காணத்தை நெருங்குவோர், வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும் வெண்மையான உப்புக் குவியல்களைக் காண்பர். சங்க நூல்களில் வரும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அவ்வளவு பழைமை வாய்ந்த இக்கரையில் இன்றும் நடைபெறும் தொழில் உப்பு விளைவிப்பதே. உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் காயவிடுகின்றனர். முதலில் சுண்ணச் சத்து படிகிறது. நீர் மேலும் இறுகியபின் கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கிறது. மிஞ்சுவது கசப்பு நீர். அவசரப்பட்டு இறுகவைத்தால் பொடி உப்பும், பொறுத்திருந்தால் பருமனான கல் உப்பும் கிடைக்கும். இது உப்பளத் தொழிலாளி எவரும் அறிந்த உண்மை.

அண்மையில் அவ்வழியே செல்ல நேர்ந்தபோது, ஒரு கல் உப்பைக் கையில் எடுத்துப் பார்த்தோம். அதன் முகங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நின்றன. எப்பக்கம் திருப்பினும் ஒரே தோற்றம். அப்பொழுது நமக்கு, இக்கரையைச் சேராத, ஆனால் இத்தமிழ்நாட்டிலேயே பிறந்த ஒரு பெரியாரின் நினைவு வந்தது. ஸ்படிகங்களை மெல்லிய இழையில் கட்டிக் காந்தத்தின் நடுவே தொங்கவிட்டு, அவற்றினுள்ளே எலெக்ட்ரான்கள் எவ்வாறு அமைந்துள்ளன என்று கேட்டு, பதிலும் பெற்ற டாக்டர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாஸ கிருஷ்ணனே அவர். தேசபக்தர்களின் சரித்திரத்தை நன்கு அறிந்த நம் வாசகர்களிலும் பலர் இவருடைய சரித்திரத்தை அறியார். அக்குறையை ஓரளவேனும் நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிருஷ்ணன் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4-ஆம் தேதி, மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள வத்திராயிருப்பில் பிறந்தார். தந்தையார் கல்வியிற் சிறந்த ஒரு கிராம விவசாயி. ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளியிலும், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், பின்னர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். பௌதிக சாஸ்திரத்தில் பட்டம் பெற்றவருக்குக் கிடைத்த முதல் உத்தியோகம், அக்கல்லூரியின் ரசாயனப் பகுதியில் சோதனைகள் செய்து காட்டும் பணி. பகலுணவு வேளையில் மாணவர் எவரும் வந்து எந்தச் சந்தேகத்தையும் கேட்கலாம் என்று அவர் ஏற்படுத்திய பேச்சு வகுப்பு, வேறு கல்லூரி மாணவரும் தேடிவரும் அளவுக்குப் பிரசித்தி பெற்றது. உத்தியோகத்தின் கடமைக்கு அப்பாற்பட்ட இப்பணிக்குச் சம்பளமில்லை. யாரும் அவரை ஏவவுமில்லை. கிருஷ்ணனின் வாழ்க்கை முழுவதற்கும் இதையே முன்னுரையாகக் கொள்ளலாம்.

1920-ல் அவர் கல்கத்தாவுக்குச் சென்று விஞ்ஞானக் கல்லூரியில் சேர்ந்தார். 1923-ல் ஸி. வி. ராமனுடன் ஆராய்ச்சி செய்யும்பொருட்டு, பௌபஜார் வீதியிலிருந்த இந்திய விஞ்ஞான அபிவிருத்திச் சங்கத்தில் புகுந்தார். இச்சங்கத்தை 1876-ல் நிறுவியவர் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார். அந்நிய அரசாங்கத்தின் கையை எதிர்பாராமல் இந்தியர் தம் பொருளைத் தாமே ஈந்து, தம் நாட்டில் தாமே ஆராய வேண்டுமென்பது அவரது உறுதி. சுதேசி இயக்கம் என்ற சொல் நாடெங்கும் முழங்குவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே விஞ்ஞானத்தில் சுதேசியத்தை நாட்டிய இடம் அது. தென்னாட்டு இளைஞர் பலர் அங்கே சென்று சேர்ந்ததில் வியப்பில்லை.

1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி அச்சங்கத்தில் கண்டறியப்பட்ட ஒளிச் சிதறல் உலகப் புகழ்பெற்றது. அதனை முதலில் உலகுக்கு அறிவித்த, அவ்வாண்டு மார்ச் 31-ஆம் தேதி வெளியான கடிதத்தில் ராமன், கிருஷ்ணன் ஆகிய இருவர் பெயரும் உள்ளன. 1930-ல் நோபெல் பரிசு ராமன் ஒருவருக்கே அளிக்கப்பட்டது. கிருஷ்ணனுக்கு அநீதி நேர்ந்ததென்று வாதிப்போர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். நாம் அவ்வழக்கில் தீர்ப்புக் கூற முன்வரவில்லை. வழிகாட்டியவர் ராமன் என்பதும், நாள்தோறும் கருவிகளின் முன் அமர்ந்து கண்ணால் கண்டு உறுதி செய்ததில் கிருஷ்ணனுக்குப் பெரும் பங்குண்டு என்பதும் மறுக்கவொண்ணாதவை. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. 1928-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் டாக்கா சர்வகலாசாலையில் பௌதிகத்துறை உபாத்தியாயராகச் சென்று, ஒளியை விட்டுக் காந்தத்தைக் கையில் எடுத்தார். மற்றொருவர் நிழலில் பெற்ற புகழைப் பேசிக்கொண்டே காலங் கழிக்காமல், தமக்கென ஒரு வயலைத் தாமே உழத் தொடங்கினார். நம்மவர்க்கு இதில் பெரிய படிப்பினை இருக்கிறது.

இன்று வங்காள தேசத்தின் தலைநகராயுள்ள டாக்காவில், அக்காலத்தில் சத்யேந்திரநாத் போஸும் பணியாற்றி வந்தார். கிருஷ்ணன் அங்கே எடுத்துக்கொண்ட பிரச்னை இதுதான். இரும்பைக் காந்தம் இழுக்கும் என்பதைக் குழந்தையும் அறியும். ஆனால் நாம் காந்தத்துக்கு வசப்படாதவை என்று நினைக்கும் உப்பு, சர்க்கரை, அந்துருண்டை முதலிய பொருள்களையும் காந்தம் மிக மெல்லிய அளவில் தள்ளுகிறது. அப்பொருள்களிலுள்ள எலெக்ட்ரான்கள் காந்தப் புலத்தை எதிர்த்துச் சிறிது சுழல்வதே அதற்குக் காரணம். அந்த எதிர்ப்பு எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாயிருக்கிறதா, திசைக்குத் திசை மாறுகிறதா என்பதே கேள்வி.

மரக்காணத்துக் கல் உப்பை எடுத்துக்கொள்வோம். சமச்சதுரக் கட்டமைப்புடைய அதற்கு எல்லாத் திசையும் ஒன்றே. ஆகவே சீரான காந்தப் புலத்தில் அதனைத் தொங்கவிட்டால் அது எப்பக்கமும் திரும்ப முற்படாது. அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் அவ்வாறன்று. அதன் மூலக்கூறு கரி அணுக்களாலான இரண்டு வளையங்கள் ஒட்டிய தட்டையான தகடு. அத்தகட்டுக்குக் குறுக்கே காந்தப் புலம் செல்லும்போது எதிர்ப்பு மிகுதி. தகட்டின் தளத்தோடு ஒட்டிச் செல்லும்போது குறைவு. ஆகவே அதன் ஸ்படிகம் காந்தத்தின் நடுவே தனக்கு இசைந்த ஒரு நிலையை நாடித் திரும்புகிறது.

அத்திருப்பத்தின் வலிமையை அளக்கக் கிருஷ்ணன் வகுத்த முறை எளிமையிலும் எளிமை. சில மில்லிகிராம் எடையுள்ள ஸ்படிகத்தை நுண்ணிய குவார்ட்ஸ் இழையொன்றின் முனையில் ஒட்டிக் காந்த முனைகளின் இடையே தொங்கவிட வேண்டும். ஸ்படிகம் தனக்கு இசைந்த நிலையில் நிற்கும். பிறகு இழையின் மேல்முனையை மெல்ல மெல்ல முறுக்க வேண்டும். ஸ்படிகம் சற்றே வளைந்துகொடுத்துப் பிடிவாதமாகத் தன் நிலையிலேயே நிற்கப் பார்க்கும். முறுக்கு ஏற ஏற, நாற்பத்தைந்து பாகையைச் சிறிதே கடந்தவுடன், பிடி தளர்ந்து சட்டென்று சுழன்றுவிடும். அந்தக் கணத்தில் இழை எத்தனை சுற்று முறுக்கப்பட்டிருந்தது என்று கணக்கிட்டால் போதும்; இரு திசைகளுக்குமுள்ள காந்த வேற்றுமை தெரிந்துவிடும். பெரும் பொருட்செலவுமில்லை, பெரிய யந்திரமுமில்லை. வேண்டுவன ஒரு காந்தம், ஓர் இழை, நல்ல ஸ்படிகம், கை நடுங்காத பொறுமை ஆகியவையே.

இம்முறையால் அவரும் அவருடைய வங்காளி மாணவர்களும் பல ஸ்படிகங்களை ஒவ்வொன்றாக அளந்தனர். நாப்தலீன் மூலக்கூறின் எதிர்ப்பு, தளத்துக்குக் குறுக்கே உள்ள திசையில் பல மடங்கு என்று தெரிந்தது. இதன் பொருள் யாது? ஓரணுவோடு கட்டுண்டு கிடக்கும் எலெக்ட்ரான் இவ்வளவு பெரிய வேற்றுமையை உண்டாக்க இயலாது. வளையத்தின் சில எலெக்ட்ரான்கள் தம் அணுவை விட்டு வளையம் முழுவதும் சுற்றி வருகின்றன. அகன்ற வட்டத்தில் சுற்றுவதால்தான் காந்தத்துக்கு அவ்வளவு எதிர்ப்பு. அமெரிக்காவில் லைனஸ் பாலிங் 1936-ல் இதற்குரிய கணக்கை வெளியிட்டார். காணவொண்ணாத மூலக்கூறினுள் எலெக்ட்ரான் நடந்து செல்லும் பாதையின் அகலத்தைக் காந்தத்தைக் கொண்டு அறியலாம் என்பது இவ்வாறு நிலைபெற்றது.

டாக்காவில் இந்த ஆராய்ச்சி நடந்த ஆண்டுகள் நம் தேச சரித்திரத்தில் எவை என்பதை நம் வாசகர்க்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. 1930 ஏப்ரல் 6-ஆம் தேதி காந்தியடிகள் தண்டியில் ஒரு பிடி உப்பை எடுத்தார். அம்மாதம் 30-ஆம் தேதி ராஜாஜி வேதாரண்யத்தில் அதனையே செய்தார். நம் கடலில், நம் வெயிலில் விளையும் உப்புக்கு அந்நியனுக்கு வரி செலுத்துவதா என்று தேசம் கேட்டது. அதே காலத்தில் நம் நாட்டு ஸ்படிகத்தின் உட்பொருளை அந்நியன் வந்து கூறும்வரை நாம் காத்திருப்பதா என்று ஆய்வுக்கூடத்திலிருந்து ஒருவர் கேட்டார். முன்னதற்குச் சிறையும் தடியடியும் விலை. பின்னதற்கு ஆண்டுக்கணக்கான மௌன உழைப்பு விலை. இரண்டையும் சமமென்று நாம் கூறவில்லை. எனினும் இரண்டும் தன்மதிப்பு என்ற ஒரே ஊற்றிலிருந்து பிறந்தவை என்று கூறுவோம். உப்பு வரி 1947-ல் ஒழிந்தது. அறிவில் கடன்பட்டு வாழும் வழக்கம் அவ்வளவு எளிதில் ஒழிவதன்று.

1933-ல் கிருஷ்ணன் மகேந்திரலால் சர்க்கார் பெயரால் அமைந்த பேராசிரியர் பதவியை ஏற்றுக் கல்கத்தாச் சங்கத்துக்கே திரும்பினார். 1936-ல் ஆங்கில விஞ்ஞானி காத்லீன் லான்ஸ்டேல் அம்மையாருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை, ஸ்படிகம் காட்டும் காந்த வேற்றுமையிலிருந்து தனி மூலக்கூறின் வேற்றுமையைப் பிரித்தெடுக்கும் வழியைத் தெளிவாக்கியது. இவ்வம்மையார் யுத்தத்துக்கு உடன்படாத கொள்கையினர். அதன்பொருட்டு 1943-ல் ஒரு மாதம் சிறையிருந்தவர் என்பதையும் சத்தியாக்கிரகிகளாகிய நம் வாசகர்கள் மதிப்போடு நினைவு கொள்ளலாம். 1937-ல் பெல்ஜியத்திலுள்ள லியேஜ் சர்வகலாசாலை கிருஷ்ணனுக்குப் பதக்கம் அளித்துப் பாராட்டியது. 1940-ல் லண்டன் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக ஏற்றது.

அக்காலத்தில் அவர் செய்த பணிகளுள் நாம் தனியே எடுத்துக் கூற விரும்புவது, பென்ஸில் முனையிலுள்ள காரீயம் என்று நாம் தவறாகச் சொல்லிவரும் கிராபைட்டைப் பற்றியது. அது கரி அணுக்கள் அடுக்கடுக்காகப் படிந்த பொருள்; நாப்தலீனின் வளையத்தை எல்லையின்றி விரித்தால் அதன் ஓர் அடுக்குக் கிடைக்கும். அதில் காந்த எதிர்ப்பு அடுக்குக்குக் குறுக்கே, அடுக்கின் தளத்திலுள்ளதைவிட நாற்பது மடங்குக்கும் மேல். 1939-ல் கிருஷ்ணனும் கங்குலியும் கிராபைட்டின் மின்சாரக் கடத்தலும் அவ்வாறே திசைக்குத் திசை மாறுவதை அளந்து காட்டினர். தளத்தோடு செல்லும் மின்சாரத்துக்கு வழி விசாலம்; அடுக்கு விட்டு அடுக்குத் தாவ வேண்டிய மின்சாரத்துக்கு வழி மிகக் குறுகல். வேற்றுமை பதினாயிரம் மடங்கு அளவுக்குச் செல்கிறது. உலோகத்தைப்போல் நடக்கும் கரிப்பொருள் ஒன்று, ஆனால் இரு திசைகளில் மட்டுமே உலோகம்! எலெக்ட்ரான்கள் தட்டையான ஓர் உலகத்தில் வாழக்கூடும் என்பதை ஆராய்ச்சிக் கண்கொண்டு கண்டவர்களுள் அவர் முன்னணியில் நிற்கிறார்.

இதன் அருமை அவர் காலத்திற்குப் பின்னரே முழுவதும் விளங்கிற்று. மின்சாரத்துக்குச் சிறிதும் தடையில்லாத நிலையை எய்தும் பொருள்களை மீக்கடத்திகள் என்பர். அந்நிலை உலோகங்களுக்கே உரியது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1979-ல் டென்மார்க்கைச் சேர்ந்த கிளாஸ் பெக்கார்ட் தயாரித்த ஒரு கரிமப் பொருள், பாரிஸ் நகர்ப்புறத்தில் டெனி ஜெரோம் குழுவினரின் சோதனையில், சுமார் 12,000 வளிமண்டல அழுத்தத்தில், தனிச் சுன்னத்துக்கு மேல் ஒரு பாகைக்கும் குறைவான குளிரில் மீக்கடத்தியாயிற்று. தட்டையான கரிம மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, எதிர் மின்னூட்டமுள்ள அயனிகளோடு சேர்ந்து உண்டான பொருள் அது. ரசாயன சாஸ்திரத்தில் இத்தகைய சேர்க்கைக்குப் பெயர் என்ன தெரியுமா? உப்பு என்பதே. மரக்காணத்துப் பாத்தியில் விளைவதும் உப்பு, இதுவும் உப்பு. மெல்லிய மின்னோட்டம் செலுத்தித் திரவத்திலிருந்து வாரக்கணக்கில் பொறுத்திருந்து விளைவிக்க வேண்டிய உப்பு. 1988-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் பத்துப் பாகையை ஒட்டிய குளிரிலேயே மீக்கடத்தியாகும் ஒரு கரிம உப்பைக் கண்டனர்.

அந்தப் பொருள்களுள் எலெக்ட்ரான்கள் எவ்வாறு ஓடுகின்றன என்று அறிய விஞ்ஞானிகள் இன்று கையாளும் சிறந்த வழிகளுள் ஒன்று, ஸ்படிகத்தைக் கடுங்குளிரில், வலிய காந்தத்தின் நடுவே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதே. காந்தத்தின் வலிமை பூமியின் காந்தத்தைப்போல் இரண்டு லட்சம் மடங்குக்கும் மேல். அவ்வலிமையில் மீக்கடத்தும் தன்மை ஒடுங்கி, எலெக்ட்ரான்கள் வளைந்த பாதைகளில் சுற்றத் தொடங்குகின்றன. காந்தத்தை ஏற்ற ஏற்ற, பொருளின் மின்தடையும் காந்தத் தன்மையும் அலைபோல் ஏறி இறங்குகின்றன. உலோகமாகிய பிஸ்மத்தில் 1930-லேயே ஹாலந்தில் கண்டறியப்பட்ட விந்தை இது. அந்த ஏற்ற இறக்கத்தின் ஒழுங்கைக் கணக்கிட்டால் எலெக்ட்ரான் பாதை எவ்வளவு பரப்பை வளைத்துச் செல்கிறது என்பது புலனாகும். ஸ்படிகத்தைச் சாய்த்துச் சாய்த்து அளந்தால் அப்பாதைகளின் முழு வடிவமும் வரைபடம்போல் வெளிப்படும்.

டாக்காவில் குவார்ட்ஸ் இழையில் தொங்கிய நாப்தலீன் ஸ்படிகத்துக்கும், இன்று திரவ ஹீலியத்தில் குளிர்ந்து நிற்கும் கரிம உப்புக்கும் இடையே கருவிகளில் உள்ள தூரம் பெரிது. அடிப்படையான வினாவோ ஒன்றேயாம். தட்டையான கரிம மூலக்கூறில் எலெக்ட்ரான் எவ்வளவு தூரம் சுதந்திரமாகச் செல்கிறது? அது எத்திசையில் செல்கிறது, எத்திசையில் தடைப்படுகிறது? காந்தத்தை அருகில் கொண்டு சென்று, ஸ்படிகத்தைத் திருப்பி, விடையைப் பெறுக. வத்திராயிருப்புக்காரர் கேட்ட கேள்வியை உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

கிருஷ்ணனின் பிற்கால வாழ்வு தேச நிர்மாணத்தோடு இணைந்தது. 1942-ல் அலகாபாத் சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியரானார். 1946-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் அவருக்கு ஸர் பட்டம் அளித்தது. பட்டங்களைத் துறப்பதே பெருமை என்று கருதிய நம் இயக்கத்தினர் சிலர்க்கு இது உவப்பாயிராது. ஆனால் அவர் உழைப்பு யாருக்குப் பயன்பட்டது என்பதைக் கொண்டே அவரை எடைபோட வேண்டும். டில்லியில் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்துக்கு 1947 ஜனவரியில் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். அதன் முதல் டைரக்டர் கிருஷ்ணனே. 1950 ஜனவரியில் சர்தார் வல்லபபாய் படேல் அதனைத் திறந்து வைத்தார். 1948-ல் அமைந்த அணுசக்திக் கமிஷனில் அவர் அங்கத்தினர். 1949-ல் அலகாபாத்தில் கூடிய இந்திய விஞ்ஞானக் காங்கிரஸுக்குத் தலைவர். 1954-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 1962 முதல் பொதுத் தேர்தல்களில் வாக்காளர் விரலில் இடப்படும் அழியா மையும் அந்த ஆய்வுக்கூடத்தின் ஆக்கமே. வாக்குச்சாவடியில் விரலை நீட்டும் தேசத் தொண்டர்கள் இதை நினைத்துப் பார்ப்பார்களாக. அம்மை முதன்முதல் அவ்வாறு பயன்பட்ட நாளைக் காண அவர் இல்லை. 1961 ஜூன் 14-ஆம் தேதி அவர் காலமானார்.

அவர் தமிழிலும் வடமொழியிலும் ஆழ்ந்த பயிற்சியுடையவர். விஞ்ஞானத்தைத் தமிழிலே சொல்ல முடியாது என்று படித்தவர்கள் கையை விரித்த காலத்தில், தாமே தமிழில் எழுதியும் பேசியும் அது முடியும் என்று காட்டியவர். இதனை நாம் அலங்காரத்துக்காகக் குறிப்பிடவில்லை. தம் சோதனையைத் தாய்மொழியில் விளக்கத் தெரிந்தவனே அதனை ஐயமறப் புரிந்துகொண்டவன். அவன் கையில் விஞ்ஞானம் கடன்பொருளாக இராது, சொந்தப் பொருளாகும்.

இனி நம் நிலைமைக்கு வருவோம். ஆண்டுதோறும் பிப்ரவரி 28-ஆம் தேதியை 1987 முதல் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடி வருகிறோம். மேடைகளில் ராமன் புகழ் பேசப்படுகிறது, பேசப்பட வேண்டியதே. ஆனால் அன்று அவர் அருகில் நின்றவரின் பெயர் எத்தனை மேடைகளில் கேட்கப்படுகிறது? பென்ஸீன் வளையத்தில் எலெக்ட்ரான்கள் சுற்றி வருகின்றன என்று நம் பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கிறார்கள். அதற்குரிய அளவைகளைச் செய்தவர்களுள் முதன்மையானவர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியில் படித்தவர் என்பதை அவர்களுக்குச் சொல்வார் யார்? தலைவர்களுக்குச் சிலை எடுப்பதில் நமக்குள்ள ஆர்வத்தில் நூறில் ஒரு பங்கு இத்தகையோரை நினைப்பதில் இருந்தால், நாட்டுக்கு நன்மை உண்டாகும்.

ஒருவர் குறுக்கிட்டுக் கூறலாம்: இன்றைய விஞ்ஞானத்துக்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும், குவார்ட்ஸ் இழையும் சிறு காந்தமும் போதிய காலம் போய்விட்டது என்று. இதில் உண்மை உண்டு. திரவ ஹீலியமும் வலிய காந்தமும் ஏழைப் பள்ளியில் கிடைக்கமாட்டா. அவற்றை அளிப்பது அரசாங்கத்தின் கடமை, அதைக் கேட்டு வாங்குவது நம் கடமை. ஆனால் பணம் கிடைத்த இடமெல்லாம் கிருஷ்ணன்கள் தோன்றிவிடவில்லை என்பதும் உண்மை. முதலில் வேண்டுவது கேள்வி கேட்கும் பழக்கம். அதற்கு மரக்காணத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது? உப்பு ஏன் சதுரமாக விளைகிறது, மெல்லக் காய்ந்தால் ஏன் பெரிதாகிறது, சுண்ணச் சத்து ஏன் முந்திப் படிகிறது, கசப்பு நீரில் மிஞ்சுவது யாது என்று உப்பளத் தொழிலாளியின் குழந்தை தமிழிலே கேட்டு, தமிழிலே பதில் பெறுமானால், அக்குழந்தை ஸ்படிக சாஸ்திரத்தின் வாசலில் நிற்கிறது. ஒரு தராசு, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு காந்தம், பகலுணவு வேளையில் சந்தேகம் கேட்க இடங்கொடுக்கும் ஓர் ஆசிரியர் ஆகிய இவற்றைக் கடலோரப் பள்ளி ஒவ்வொன்றிலும் அமைப்பது இயலாத காரியமன்று.

உப்பளத்தில் நாள் முழுதும் வெயிலில் நின்று பிறர் உணவுக்குச் சுவை தரும் மக்களின் சந்ததி, அவ்வுப்பின் உள்ளமைப்பை அறியும் உரிமையுடையது. அவ்வுரிமையைப் பெற்றுத் தரும் பணியில் தேசத் தொண்டர்கள் தம் ஊர்ப் பள்ளிகளிலிருந்தே இறங்க வேண்டும். டாக்டர் கிருஷ்ணனுக்கு நாம் செய்யத்தக்க நினைவுக் கடன் அதுவே.